கட்டைவிரலைக் கேளுங்கள்: கொங்கு நாட்டு கிட்டார் ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி, கோபி, கரூர், நாமக்கல் பக்கமெல்லாம் கிட்டார் வாசிக்கிற, வாசிக்கக் கற்றுக்கொண்டிருக்கிற, வாசிக்காவிட்டாலும் கேட்டு மகிழ்கிற அன்பு நண்பர்களுக்கு,



செட் அட்கின்ஸும் ஜெர்ரி ரீடும் அருகருகே உட்கார்ந்து வாசிக்கும் பழைய தொலைக்காட்சிப் பதிவுகள் நம்மவர்களிடையே கைபேசிக்குக் கைபேசி போய்க்கொண்டிருக்கின்றன. எழுபதுகளின் அமெரிக்கா. மங்கிய வண்ணம். இரண்டு கிட்டார், இரண்டு சிரித்த முகம். பார்க்கிறவர்கள் எல்லாரும் சொல்வது ஏறக்குறைய ஒன்றுதான்: என்ன வேகம், இது கையா மெஷினா, ரெண்டு பேர் வாசிக்கிறாங்களா நாலு பேரா. எனக்கும் அந்தப் பதிவுகள் அலுத்ததில்லை. ஒவ்வொரு முறை யாராவது அனுப்பும்போதும் திரும்பப் பார்க்கிறேன். உங்கள் வியப்பு உண்மையானது, நல்லது. அந்த வியப்பு அத்தோடு நின்றுவிடக் கூடாது என்ற ஆசையில்தான் இதை எழுதுகிறேன். இசை நிலைப்பதற்கு வாசிக்கிறவர் மட்டும் போதாது. கேட்கிறவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஒழுங்காகக் கேட்பதும், கேட்டதைப் பெயரோடும் ஊரோடும் காப்பாற்றி வைப்பதும்தான் அந்த வேலை.

முதலில் இந்த இருவர் யார் என்று பார்ப்போம். செட் அட்கின்ஸ் 1924-ல் டென்னசி மாநிலத்தின் லட்ரல் என்ற சிற்றூரில் பிறந்தவர். நாஷ்வில் நகரத்து ஆர்.சி.ஏ. நிறுவனத்தில் இசைத்தட்டுகளைத் தயாரிக்கும் பொறுப்பில் இருந்து, எத்தனையோ பாடகர்களை உருவாக்கியவர். 2001-ல் மறைந்தார். ஜெர்ரி ரீட் 1937-ல் அட்லாண்டாவில் பிறந்தவர். பாட்டு எழுதுவார், பாடுவார், பின்னாளில் திரைப்படத்திலும் நடித்தார். 2008-ல் மறைந்தார். வயதிலும் பதவியிலும் அட்கின்ஸ் மூத்தவர்; ரீடின் இசைத்தட்டுகளைத் தயாரித்தவரும் அவரே. இருவரும் சேர்ந்து 1970-ல் வெளியிட்ட ‘மீ அண்ட் ஜெர்ரி’ தொகுப்புக்கு கிராமி விருது கிடைத்தது. 1972-ல் ‘மீ அண்ட் செட்’ வந்தது. தலைப்புகளையே பாருங்கள். ஒருவர் மற்றவரின் பெயரைச் சொல்லி மகிழ்கிற தலைப்புகள். மேடையிலும் அதைக் காணலாம். ரீட் ஒரு துள்ளலான வரியை எடுக்கும்போது மூத்தவர் அடங்கித் தாளம் பிடிக்கிறார். தன் முறை வரும்போது அவசரமில்லாமல் நுழைகிறார். போட்டி போலத் தெரிவது உண்மையில் ஒருவருக்கொருவர் இடம் கொடுப்பது.

இனி கைக்கு வருவோம். நம் கண் இயல்பாகப் போவது இடது கைக்கு. கழுத்தில் மேலும் கீழும் ஓடுகிற விரல்களுக்கு. ஆனால் இந்த இசையின் உயிர் வலது கையின் கட்டைவிரலில் இருக்கிறது. அந்த விரலில் கம்பியை மீட்டுவதற்கான தம்ப் பிக் என்ற சிறிய வளையத்தை மாட்டியிருப்பார்கள். தடித்த மூன்று கம்பிகள் கட்டைவிரலின் பங்கு. நான்கடித் தாளத்தில் அது ஒரு கம்பிக்கும் இன்னொரு கம்பிக்குமாக மாறி மாறிப் போய்க்கொண்டே இருக்கும், ஒரு அடி கூடத் தவறாமல். உள்ளங்கையின் அடிப்பக்கம் பிரிட்ஜின் மேல் லேசாகப் படிந்திருக்கும். அதனால் பேஸ் ஒலி நீண்டு மிதக்காமல் கட்டையாக, அடக்கமாக விழும். மற்ற விரல்கள் மெல்லிய கம்பிகளில் மெட்டை வாசிக்கும். அந்த மெட்டு கட்டைவிரலின் அடியோடு நேராக விழாது. சில இடங்களில் அரை அடி முந்தும், சில இடங்களில் பிந்தும். இந்த முந்தலும் பிந்தலும்தான் கேட்கிறவர் காலைத் தானாக ஆடவைக்கிறது. சென்னிமலைத் தறிக்காரர் காலால் மிதித்துக்கொண்டே கையால் நாடாவை ஓட்டும்போது இரண்டையும் தனித்தனியாக நினைத்துக்கொண்டிருப்பதில்லை. அந்த மாதிரி கட்டைவிரல் நினைப்பிலிருந்து விடுபட்டுத் தானாக நடந்தால்தான் மற்ற விரல்களுக்குச் சுதந்திரம் வரும். நாலு பேர் வாசிப்பதாக உங்களுக்குத் தோன்றியதே, அதற்குக் காரணம் வேகம் அல்ல. ஒரே கைக்குள் பாட்டும் பக்கவாத்தியமும் பிரிந்து நடப்பதுதான் காரணம்.

இந்தக் கைவேலையை அட்கின்ஸ் எப்படிக் கற்றுக்கொண்டார் என்பது நாம் எல்லாரும் அறிந்திருக்க வேண்டிய கதை. சிறுவயதில் அவருக்குக் கடும் ஆஸ்துமா. படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குவார். தூக்கம் வரும்வரை கிட்டாரை வாசித்துக்கொண்டிருப்பார். உடம்புக்காக அவரை ஜார்ஜியாவில் இருந்த தகப்பனாரிடம் அனுப்பினார்கள். அங்கே வானொலியில், சின்சினாட்டி நகரத்து டபிள்யூ.எல்.டபிள்யூ. நிலையத்திலிருந்து, மெர்ல் டிராவிஸ் என்பவரின் கிட்டார் வரும். டிராவிஸ் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மட்டுமே வைத்து வாசிப்பவர். அட்கின்ஸ் அவரைப் பார்த்ததில்லை, கேட்டது மட்டும்தான். இத்தனை ஒலியை இரண்டே விரல் எழுப்ப முடியாது என்று நினைத்த பையன், கட்டைவிரலோடு இன்னும் மூன்று விரல்களைச் சேர்த்துத் தானாக ஒரு முறையை உண்டாக்கிக்கொண்டான். கண்ணுக்கு எட்டாததைக் காது தேடிப் போனதால் ஒரு புதிய பாணியே பிறந்தது. இன்று உலகம் முழுக்கக் கிட்டார் பயிலுகிறவர்கள் அட்கின்ஸ் பாணி என்று சொல்வது அதைத்தான்.

காது இப்படி வழி திறப்பது அமெரிக்காவில் மட்டும் நடந்ததல்ல. மேண்டலின் ஸ்ரீனிவாஸை நினைத்துப் பாருங்கள். 1969-ல் ஆந்திரத்துப் பாலகொல்லுவில் பிறந்து, சென்னையில் வளர்ந்து, 2014 செப்டம்பரில் தம் 45-ம் வயதில் நம்மை விட்டுப் போனவர். அவருடைய குரு ருத்ரராஜு சுப்பராஜு, செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடர். சுப்பராஜுவுக்கு மேண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார், கேட்ட பையன் அதைத் தன் வாத்தியத்தில் தேடி எடுப்பான். இந்த விரலை இங்கே வை என்று காட்ட அங்கே ஆளில்லை. கமகத்துக்கு இடம் கொடுக்காத இரட்டைக் கம்பிகளை ஒற்றைக் கம்பிகளாக மாற்றி, ஐந்தாவது கம்பி ஒன்று சேர்த்து, மின்சார மேண்டலினைக் கர்நாடக இசைக்கு ஏற்ற வாத்தியமாக்கியது அந்தத் தேடல்தான். 1983-ல் பெர்லின் ஜாஸ் விழாவில் வாசித்தபோது அவருக்கு வயது பதினான்கு. அவருடைய சிறுவயதுக் கச்சேரிப் பதிவுகளை இன்று கேட்டாலும் விரல்களுக்கு முன்னால் ஒரு குரல் போவது தெரியும். குரு பாடிய குரல் அது.

நம் கோவைப் பெயரையே தாங்கிய இன்னொரு கதையும் உண்டு. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் கிராமபோன் தட்டுகளில் பாடிப் புகழ்பெற்றவர் கோயம்புத்தூர் தாயி. பழனிக்குஞ்சரம் என்பது அவருடைய இயற்பெயர். அவருடைய இசைத்தட்டுகள் மீது பிரான்சு நாட்டு இசையமைப்பாளர் மோரிஸ் டெலாஜ் பெரும் பற்றுக் கொண்டார். ராவெல் என்ற பெரிய இசையமைப்பாளரின் மாணவர் அவர். 1912 வாக்கில் இந்தியாவுக்கும் வந்துபோனார். தாயியின் ஒரு பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டு, அதை வைத்து ‘ராகமாலிகா’ என்ற படைப்பைப் பியானோவுக்கும் குரலுக்குமாக எழுதினார். அதில் பியானோவின் ஒரு கம்பிக்கு அடியில் அட்டையைச் செருகச் சொல்லியிருக்கிறார். தோல் வாத்தியம் போன்ற அடங்கிய ஓசை வேண்டும் என்பதற்காக. மொழி தெரியாது, ராகம் தெரியாது. சுழலும் ஒரு தட்டும் அதைக் கூர்ந்து கேட்ட ஒரு காதும் இருந்தன. கோயம்புத்தூர்ப் பெயர் தாங்கிய ஒரு பெண்ணின் குரல் பாரிசுக்குப் போய் ஒரு பியானோவின் ஒலியையே மாற்றியது. ரசிகன் என்ன செய்ய முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

நம்மிடம் இப்போது எல்லாமே கண்ணுக்குக் கிடைக்கிறது. விரல் எங்கே இருக்கிறது என்று காட்டும் டேப் எழுத்து, கால் வேகத்தில் ஓட்டிப் பார்க்கும் வசதி, கையை மட்டும் பெரிதாக்கிக் காட்டும் பாடக் காட்சிகள். இவையெல்லாம் நல்ல வசதிகள். யாரும் விட வேண்டாம். ஆனால் இவற்றின் வழியாக வருகிறவர் ஸ்வரங்களை எல்லாம் சரியாக வாசித்தும் பாட்டு எழாமல் நிற்பதை நாம் பார்க்கிறோம். அதனால் உங்களிடம் என் முதல் வேண்டுகோள் இது. அட்கின்ஸ், ரீட் பதிவை அடுத்த முறை போட்டதும் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிடுங்கள். நல்ல ஹெட்போனில் கேளுங்கள். ஒரு முறை முழுக்க அட்கின்ஸின் கட்டைவிரலை மட்டும் தொடருங்கள். மறுமுறை ரீடின் கட்டைவிரலை. ரீட் பெரும்பாலும் நைலான் கம்பி போட்ட மின் கிட்டார் வாசித்தவர் என்பதால் அவருடைய ஒலி சற்று உருண்டையாக இருக்கும். அதை வைத்து இருவரையும் பிரித்துவிடலாம். மூன்றாம் முறை இருவருக்கும் நடுவில் உள்ள வெளியைக் கேளுங்கள். யார் எங்கே நிறுத்துகிறார், யாருக்காக நிறுத்துகிறார் என்பது புலப்படும். அதன் பிறகு திரையைப் பார்த்தால் அதே பதிவு வேறாக இருக்கும்.

வாசிக்கிறவர்களுக்குக் கூடுதலாக ஒரு சொல். மெட்டை எடுப்பதற்கு முன் கட்டைவிரலை மட்டும் நடக்க விடுங்கள். பேசிக்கொண்டே வாசிக்க முடிகிற அளவுக்கு அது பழக வேண்டும். அதற்குப் பிறகு ஒரே ஒரு மெல்லிய கம்பியில் ஒரு ஸ்வரத்தைச் சேருங்கள்; முதலில் அடியோடு, பிறகு அரை அடி தள்ளி. மெதுவாக வாசிக்கும்போது ஆடாத தாளம்தான் வேகத்திலும் ஆடாது. இந்தப் படியைத் தாண்டிக் குதித்தவர் கட்டைவிரலைத் தேடி என்றாவது திரும்பி வந்தே ஆக வேண்டும்.

கை மட்டுமே தரக்கூடிய ஒன்று இருக்கிறது என்பதற்கு ஜெர்ரி ரீடின் வாழ்க்கையிலேயே சாட்சி உண்டு. 1967-ல் பாடகர் எல்விஸ் பிரஸ்லி நாஷ்வில் ஸ்டூடியோவில், ரீட் எழுதிப் பாடிய ‘கிட்டார் மேன்’ பாட்டைப் பதிவு செய்ய உட்கார்ந்தார். கூட இருந்தவர்கள் அந்த நகரின் முதல்தர வாத்தியக்காரர்கள். எத்தனை முறை முயன்றும் ரீடின் இசைத்தட்டில் இருந்த ஒலி வரவில்லை. கடைசியில் ரீடையே தேடினார்கள். அவர் மீன் பிடிக்கப் போயிருந்தார். அங்கிருந்து அழைத்து வந்து உட்காரவைத்ததும் பாட்டு நிமிர்ந்தது. மற்றவர்கள் தட்டையான பிக்கால் வாசித்தார்கள். ரீட் விரல்களால் கம்பிகளைக் கொத்தினார், கிட்டாரின் சுருதியையும் தமக்கேற்ப மாற்றி வைத்திருந்தார். அந்தக் கை அந்த மனிதரோடு வந்தது. மனிதர் போனால் கையும் போய்விடும். பதிவு ஒன்றே மிச்சம்.

இந்த இடத்தில்தான் நாம் கொங்கு நாட்டுக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. அதற்கு முன் இன்னும் ஒரே ஒருவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மெர்ல் டிராவிஸின் கட்டைவிரல் அவராகக் கண்டுபிடித்ததல்ல. கென்டக்கி மாநிலத்தின் மியூலன்பெர்க் வட்டாரம் நிலக்கரிச் சுரங்கங்களின் ஊர். அங்கே மோஸ் ரேகர், ஐக் எவர்லி போன்ற சுரங்கத் தொழிலாளிகளிடம் டிராவிஸ் கற்றார். அவர்களுக்கு முன்னால் கென்னடி ஜோன்ஸ். அவருக்கும் முன்னால் ஆர்னால்ட் ஷல்ட்ஸ் என்ற கறுப்பின இசைஞர். 1886-ல் பிறந்து 1931-ல் இறந்தவர், அவரும் சுரங்க வேலை பார்த்தவர். ஊர் ஊராக நடன விருந்துகளில் வாசித்தார். பின்னாளில் புளூகிராஸ் இசையின் தந்தை என்று பெயரெடுத்த மேண்டலின் கலைஞர் பில் மன்ரோ இளம்வயதில் அவரோடு சேர்ந்து வாசித்தவர். இத்தனை பெரிய மரபின் வேரில் நிற்கும் ஷல்ட்ஸின் ஒலிப்பதிவு ஒன்றுகூட உலகில் இல்லை. அவர் எப்படி வாசித்தார் என்பதை இனி யாரும் கேட்க முடியாது. அவர் பெயர் மட்டும் எப்படிப் பிழைத்தது? கேட்டவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மன்ரோ சொன்னார், மியூலன்பெர்க் கிட்டார்காரர்கள் சொன்னார்கள். ரசிகர்களின் நன்றியறிதல் ஒரு பெயரைக் காப்பாற்றியது. ஒலியைக் காப்பாற்ற அவர்களிடம் கருவி இருக்கவில்லை.

நம்மிடம் இருக்கிறது. அப்படியிருந்தும் நாம் என்ன செய்திருக்கிறோம்?

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நம் ஊர் நோம்பி என்றால் ஆர்கெஸ்ட்ரா இல்லாமல் நடக்காது. மாரியம்மன் கோயில் திடலிலும் கல்யாண மண்டபத்திலும் மில் தொழிலாளர் குடியிருப்புகளிலும் மேடை போட்டு, விடிய விடியப் பாட்டுக் கச்சேரி. அந்த மேடைகளில் லீட் கிட்டாரும் பேஸ் கிட்டாரும் வாசித்தவர்கள் நம் ஊர்க்காரர்கள். பகலில் வேறு வேலை, இரவில் கச்சேரி. சென்னையில் பெரிய குழுவோடு பதிவான பாட்டை, காதால் மட்டும் கேட்டு, நாலைந்து பேரின் கைகளுக்குப் பங்கிட்டு, வயலின்கள் வாசித்ததைக் கூடக் கிட்டாரில் எடுத்து வாசித்தார்கள். ஸ்வரக் குறிப்பு கையில் இல்லை, எழுதிக் காட்ட ஆளில்லை, பாட்டைத் திரும்பக் கேட்க வானொலியோ கேசட்டோதான். அட்கின்ஸ் நாற்காலியில் உட்கார்ந்து செய்த அதே வேலை அது. பிறகு கீபோர்டு வந்தது, ரிதம் பேடு வந்தது, அதற்குப் பிறகு முன்பே பதிந்த இசை டிராக்கைப் போட்டுப் பாடும் வழக்கம் வந்தது. மேடையில் கிட்டாருக்கான இடம் சுருங்கியது. அந்தக் கலைஞர்களில் பலர் இன்றும் நம் நடுவே இருக்கிறார்கள். சிலர் வாத்தியத்தைப் பரணில் வைத்துவிட்டார்கள். அவர்கள் வாசித்த இரவுகளில் எத்தனை பதிவாகியிருக்கின்றன? யாரோ ஒருவர் டேப் ரெக்கார்டரில் பிடித்த கேசட், யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாண வீடியோவின் ஓரத்தில் தெரியும் ஒரு கை, அவ்வளவுதான்.

திரையிசையிலும் இதே கதைதான். 1982-ல் வெளிவந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தைத் தயாரித்தவர் நம் கோவைத்தம்பி. அதில் இளையராஜா இசையில் எஸ்.பி.பாலசுப்ரமணியம் பாடிய ‘இளைய நிலா’வின் தொடக்கத்தில் வரும் கிட்டார், தமிழ்நாட்டில் கிட்டார் எடுத்த ஒவ்வொருவரும் ஒரு முறையாவது வாசித்துப் பார்த்தது. அதிலும் கட்டைவிரல் கீழே நடக்க, மற்ற விரல்கள் மேலே ஒளிர்கின்றன. வாசித்தவர் சந்திரசேகர். இளையராஜாவே கிட்டார் கலைஞர். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிட்டார்த் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றவர். கிட்டாருக்கு என்ன கொடுக்கலாம் என்று அறிந்தவர் எழுதியதை, கொடுத்ததை ஏந்தத் தெரிந்தவர் வாசித்தார். ஆனால் அந்நாளைய இசைத்தட்டு உறைகளில் வாத்தியக் கலைஞர்களின் பெயர் போடும் வழக்கமில்லை. சந்திரசேகர், சதானந்தம் என்ற பெயர்களெல்லாம் இன்று நமக்குத் தெரிகிறதென்றால், ரசிகர்கள் தேடிக் கேட்டு, கலைஞர்களோடு பேசி, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதால்தான். நம்மைப் போன்றவர்கள் செய்த வேலை அது. அந்த வேலை பலன் தரும் என்பதற்குச் சான்றும் அதுவே.

இன்னொன்றையும் நெஞ்சில் நிறுத்துங்கள். பொன்னர், சங்கர் என்னும் அண்ணன்மாரின் கதையை உடுக்கை அடித்து இரவு இரவாகப் பாடுவது நம் மண்ணின் பெரிய கலை. 1965-ல் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில், பிரெண்டா பெக் என்ற இளம் ஆய்வாளர் தங்கியிருந்து, அந்தப் பாட்டைப் பல இரவுகள் உட்கார்ந்து ஒலிநாடாவில் பதிந்தார். பிற்பாடு கனடாவில் பேராசிரியரான அவர் அதை நூலாக்கினார். அந்தப் பதிவை வைத்தே பின்னாளில் பொன்னிவள நாட்டுக் கதை சித்திரப் படத் தொடராகவும் வந்தது. அன்று பாடிய குரல்களும் உடுக்கையின் நடையும் இன்று கேட்கக் கிடைக்கின்றன. உடுக்கடிப் பாட்டுக்காரர் கதை, பாட்டு, உரையாடல் மூன்றையும் ஒரு கை வாத்தியத்தோடு தாங்கிச் செல்வதைக் கேட்டால், அட்கின்ஸின் ஒற்றைக் கைக்குள் இரண்டு பேர் இருப்பது நமக்கு அந்நியமாகத் தோன்றாது. கடல் கடந்து வந்த ஒருவர் கருவியைத் தூக்கிக்கொண்டு ஓலப்பாளையம் வந்தார். நாம் அந்த ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறோம். கருவியும் எப்போதும் சட்டைப்பையில் இருக்கிறது.

ஆகவே என் மற்ற வேண்டுகோள்களைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு பழைய பதிவை அடுத்தவருக்கு அனுப்பும்போது வாசித்தவர் பெயர், பாட்டின் பெயர், தெரிந்தால் ஆண்டு, நிகழ்ச்சி ஆகியவற்றைச் சேர்த்து அனுப்புங்கள். பெயர் இல்லாமல் போகும் பதிவு சீக்கிரமே அனாதையாகிவிடும். நல்ல இருபது நொடியை மட்டும் வெட்டி எடுத்து அனுப்பாதீர்கள். அந்த இருபது நொடிக்காக அவர்கள் எப்படிக் காத்திருந்தார்கள் என்பது முழுப் பாட்டில்தான் இருக்கிறது.

உங்கள் ஊரில் ஆர்கெஸ்ட்ராவில் வாசித்த ஒரு பெரியவரைத் தேடிப் போங்கள். கிட்டார்தான் என்றில்லை, மேண்டலின், தபேலா, ஆர்மோனியம், நாதஸ்வரம், தவில், உடுக்கை எதுவானாலும் சரி. முதலில் அவர் பேசட்டும். யாரிடம் கற்றார், எந்தக் குழுக்களில் வாசித்தார், எந்தப் பாட்டு கூட்டத்தை எழுப்பியது, எந்த வாத்தியத்தை எங்கே வாங்கினார் என்று கேளுங்கள். அவர் சம்மதித்தால் பதியுங்கள். கைபேசியைக் கிடைமட்டமாக ஒரு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். இரண்டு கைகளும் முகமும் தெரியட்டும். ஸ்பீக்கர் பாக்ஸுக்கு நேர் எதிரே வைத்தால் ஒலி சிதறும், தள்ளி வையுங்கள். பாட்டு முடியும் வரை நடுவில் பேச வேண்டாம். பதிவின் ஒரு பிரதியை அவர் குடும்பத்துக்குக் கொடுங்கள். பொதுவில் போடுவதா வேண்டாமா என்பதை அவரே சொல்லட்டும்.

வீட்டில் பழைய கச்சேரி கேசட் இருந்தால் இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகப் பூஞ்சை படிந்திருந்தால் ஓட்டாதீர்கள். அது நாடாவையும் கெடுக்கும், கருவியையும் கெடுக்கும். தெரிந்தவரிடம் சுத்தம் செய்யக் கொடுங்கள். நல்ல நிலையில் இருந்தால் ஒரு முறை முன்னும் பின்னுமாக முழுக்க ஓட்டி இறுக்கத்தைத் தளர்த்துங்கள். கேசட் பிளேயரின் ஹெட்டைத் துடைத்துவிட்டுக் கணினியில் ஏற்றுங்கள். எம்.பி.3 ஆகச் சுருக்கி வைக்காமல் வேவ் கோப்பாக வையுங்கள். இரண்டு வெவ்வேறு இடங்களில் வையுங்கள். கேசட் உறையில் எழுதியிருப்பதைப் படமெடுத்து அதே கோப்போடு சேருங்கள். அரிதான பதிவு என்று தோன்றினால் பழைய இசைத்தட்டுகளையும் பாட்டுப் புத்தகங்களையும் பேணுகிற சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் கேட்டுப் பாருங்கள். 1982 முதல் இந்திய இசைப் பதிவுகளைச் சேர்த்துக் காத்துவரும் இசைமரபு ஆவணக் காப்பகம் ஒன்று குருகிராமில் இருக்கிறது. அமெரிக்க இந்தியவியல் கழகம் நடத்துவது. நம் கொங்குக் கல்லூரிகளின் நூலகங்களும் இதற்கு ஓர் அலமாரியை ஒதுக்கலாம். கல்லூரிகளில் இருக்கிற நண்பர்கள் இதை நிர்வாகத்திடம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

கடைசியாக, காசு. நோம்பிக்கும் கல்யாணத்துக்கும் கச்சேரி வைக்கும்போது டிராக்குக்குப் பதிலாக ஒரு கிட்டாரும் ஒரு பேஸும் நேரில் வாசிக்க வேண்டும் என்று கேளுங்கள். கேட்டால் அதற்கான சம்பளத்தையும் பேரம் பேசாமல் கொடுங்கள். வாசிப்பவர் கையில் வேலை இருந்தால்தான் பதிந்து வைக்க இன்னும் ஏதாவது இருக்கும்.

நம் பிள்ளைகள் அமெரிக்க மலைநாட்டு இசையில் மயங்குகிறார்களே, இந்த மண்ணின் இசை என்னாவது என்று மூத்தவர்கள் சிலர் வருந்துகிறார்கள். அவர்களுடைய அக்கறையை மதிக்கிறேன். ஆனால் கர்நாடக இசைக் கலைஞர் பாலுசாமி தீட்சிதர் வயலினைக் கற்று நம் இசைக்குள் கொண்டுவந்தபோது அதுவும் வெள்ளைக்காரர் வாத்தியமாகத்தான் இருந்தது. இன்று வயலின் இல்லாத கச்சேரியை நினைக்க முடியவில்லை. நல்ல காது எங்கே திறந்தாலும் அது திரும்பி ஊருக்கு வரும். டெலிகாஸ்டர் கிட்டாரில் கம்பியை இழுத்து ஸ்வரத்தை வளைக்கும் நாஷ்வில் கலைஞரை ஆழ்ந்து கேட்ட பையனுக்கு, நாதஸ்வரக்காரர் சீவாளியில் வளைக்கும் கமகம் முன்பைவிட நன்றாகவே கேட்கும். நம் கொங்கு நாட்டு ஆட்டமான வள்ளி கும்மிக்கு இன்று மைதானம் நிறைகிறது. இளைஞர்களிடம் மண்ணின் மீது பற்று இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அந்தப் பற்றோடு கூர்மையான காதும் சேர வேண்டும்.

செட் அட்கின்ஸ் தாம் மதித்த ஒரு சில கிட்டார் கலைஞர்களுக்கு மட்டும் ஒரு பட்டம் கொடுத்தார்: ‘சான்று பெற்ற கிட்டார் வாசிப்பாளர்’. ஜெர்ரி ரீட், ஜான் நோல்ஸ், ஸ்டீவ் வாரினர், ஆஸ்திரேலியாவின் டாமி இம்மானுவேல் என்று அவர் கொடுத்தது ஒரு கைக்குள் அடங்கும். அதில் பரிசுப் பணம் கிடையாது, பல்கலைக்கழகம் கிடையாது. நீ வாசித்ததை நான் முழுதாகக் கேட்டேன் என்று ஒரு பெரிய கலைஞர் சொன்ன சொல்தான் அந்தப் பட்டம். வாழ்நாள் முழுக்க ரசிகராகவும் இருந்த ஒருவரால்தான் அப்படிக் கொடுக்க முடியும். நம் ஊர் மேடைகளில் நாற்பது வருடம் நின்று வாசித்தவர்களுக்கு அந்தச் சொல்லை நாம்தான் சொல்ல வேண்டும். வேறு யாரும் வந்து சொல்லப் போவதில்லை.

இந்த மாதம் உங்கள் ஊரில் ஒரே ஒருவர். அவர் பெயரை எழுதுங்கள், அவர் கதையைக் கேளுங்கள், அவர் வாசிப்பதை முழுதாகப் பதியுங்கள். ஊருக்கு ஒருவர் இதைச் செய்தால் போதும். இனி பிறக்கப் போகும் கொங்குக் கிட்டார்காரருக்கு அட்கின்ஸையும் ரீடையும் போலவே நம்மவர்களும் ஆசான்களாக வாய்ப்பார்கள்.

அன்புடனும் நம்பிக்கையுடனும்,
உங்களில் ஒருவன்,
கோயம்புத்தூர்